லேசர் முடி நீக்கத்துக்கு முன் பேட்ச் டெஸ்ட்: முதல்முறை போகிறவர்களுக்கு

லேசர் முடி நீக்கத்துக்கு முதல்முறை போகிறவர்கள் வலிக்குமா, எத்தனை செஷன் ஆகும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: பேட்ச் டெஸ்ட் எப்போது செய்வீர்கள், அது முடிந்து எத்தனை நாள் கழித்து முழு சிகிச்சையைத் தொடங்குவீர்கள்? "அதெல்லாம் தேவையில்லை" என்றோ, "இப்போதே ஒரு ஷாட் வைத்துப் பார்த்துவிட்டு உடனே ஆரம்பித்துவிடலாம்" என்றோ பதில் வந்தால், அந்த இடத்தில் உங்கள் தோலை ஒப்படைப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

சிகிச்சை செய்யப்போகும் பகுதியில் ஒரு சிறு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதே கருவியால், அதே அளவுகளில் லேசரைப் பாய்ச்சிவிட்டு, தோல் என்ன செய்கிறது என்று சில நாள் கவனிப்பதுதான் பேட்ச் டெஸ்ட். பாய்ச்சுவதற்குச் சில நிமிடங்கள் போதும். மீதியெல்லாம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பைத்தான் பலர் சுருக்கிவிடுகிறார்கள். தோலில் வரும் சிக்கல்கள் பலவும் அந்த நாட்களில்தான் வெளியே தெரியும் என்பதால், காத்திருக்காமல் செய்யும் டெஸ்ட் பாதி டெஸ்ட்கூட ஆகாது.

ஹேர் டைக்கு முன் செய்யும் அலர்ஜி சோதனையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஒரு ரசாயனம் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கிறோம். இங்கே பார்ப்பது, இவ்வளவு ஒளியும் வெப்பமும் உங்கள் தோல் தாங்குமா என்பதை.

ஏன் தேவைப்படுகிறது

லேசர் ஒளி முடியில் உள்ள மெலனின் என்ற நிறமியில் உறிஞ்சப்பட்டு வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் முடி வழியாகக் கீழே இறங்கி, முடியை மறுபடி வளரச் செய்யும் மயிர்க்காலைச் சேதப்படுத்துகிறது. சரியான அலைநீளத்தையும் சரியான துடிப்பு நேரத்தையும் (ஒளி ஒருமுறை பாய்ந்து நிற்கும் நேரம்) தேர்ந்தெடுத்தால், சுற்றியுள்ள திசுவை விட்டுவிட்டு இலக்கை மட்டும் சூடாக்கலாம் என்று ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1983ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். இன்றைய லேசர் முடி நீக்கம் முழுக்க அந்தக் கொள்கையின் மேல்தான் நிற்கிறது.

சிக்கல் என்னவென்றால், மெலனின் முடியில் மட்டும் இல்லை, தோலின் மேலடுக்கிலும் இருக்கிறது. ஒளி மயிர்க்காலுக்குப் போகும் வழியில் முதலில் அந்த மேலடுக்கைத் தாண்டியாக வேண்டும். வெயிலில் காயும் கறுப்புத் துணி வெள்ளைத் துணியைவிடச் சீக்கிரம் சூடாவது போல, நிறம் கூடிய தோல் வழியிலேயே அதிக ஒளியைப் பிடித்துக்கொண்டு சூடாகிவிடும். சூடு அளவைத் தாண்டினால் கொப்புளம், பொருக்கு, கருந்திட்டு, சில சமயம் வெண்திட்டு. ஆகவே மாநிறமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இந்த டெஸ்ட் மிகவும் அவசியம்.

அலைநீளம் கூடக்கூட மெலனின் ஒளியைப் பிடிப்பது குறைகிறது. அலெக்ஸாண்ட்ரைட் லேசர் 755 நானோமீட்டர், டயோடு லேசர் சுமார் 800 முதல் 810, என்டி யாக் லேசர் 1064. கருநிறத் தோலுக்கு என்டி யாக் பாதுகாப்பானது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அதன் ஒளியை மேல்தோல் குறைவாகப் பிடிக்கும், ஒளி ஆழமாகவும் இறங்கும். அதற்காக என்டி யாக் என்றால் சுடவே சுடாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் ஆற்றல், ஒரு துடிப்பு எத்தனை மில்லிவினாடி நீள்கிறது, ஒளி விழும் வட்டம் எத்தனை மில்லிமீட்டர், தோலைக் குளிர்விக்கும் ஏற்பாடு என்ன என்று இத்தனையும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

இந்த அளவுகளைத் தேர்ந்தெடுக்கத் தொடக்கப்புள்ளியாகத் தோல் நிறத்தைப் பார்ப்பார்கள். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் 1975ல் தொடங்கிவைத்த வகைப்பாட்டின்படி இன்று தோலை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். வெயிலில் எளிதில் சிவந்துபோகும் மிக வெளிர் தோல் முதல் வகை, அடர் கருநிறம் ஆறாவது. இது நல்ல வழிகாட்டி, அவ்வளவுதான். ஒரே ஆளுக்கே முன்கை ஒரு நிறம், அக்குள் ஒரு நிறம், தொடை இடுக்கு இன்னொரு நிறம். போன மாதம் வெயிலில் அலைந்திருந்தால் கணக்கு மறுபடி மாறும். அட்டவணை சொல்லும் அளவு உங்கள் தோலுக்குச் சரிதானா என்பதை அந்தத் தோலில் பாய்ச்சிப் பார்த்துத்தான் அறிய முடியும்.

போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே

நான்கு வாரங்களுக்கு வேக்ஸிங், த்ரெட்டிங், எபிலேட்டர், பிடுங்குதல் எதுவும் வேண்டாம். இவை முடியை வேரோடு எடுத்துவிடும். வேர் இல்லாத மயிர்க்காலில் லேசர் பிடிக்க நிறமி இருக்காது. அங்கே டெஸ்ட் செய்தால் "ஒன்றும் ஆகவில்லை" என்ற பொய்யான நிம்மதிதான் கிடைக்கும். பிறகு முடி வளர்ந்திருக்கும்போது அதே அளவில் பாய்ச்சினால் ஒவ்வொரு மயிர்க்காலும் சூடாகி, மொத்த வெப்பமும் கூடிவிடும். ஷேவிங் மட்டும் செய்யலாம், அதுவும் டெஸ்டுக்கு முந்தைய நாள் செய்துவிடுவது நல்லது. தோலுக்கு மேலே முடி நீட்டிக்கொண்டிருந்தால் அது மேலேயே கருகித் தோலைச் சுடும்.

அதே நான்கு வாரமும் வெயிலில் படும் இடங்களுக்குப் பாதுகாப்பு கொடுங்கள். சன்ஸ்கிரீன், முழுக்கை உடை, குடை, எது வசதியோ அது. கறுத்திருக்கும் தோலில் டெஸ்ட் செய்யாமல் தள்ளிப் போடுவதுதான் முறை. செயற்கையாக நிறம் ஏற்றும் கிரீம் பூசியிருந்தாலும் அது முழுவதும் போன பிறகே வாருங்கள்.

ரெட்டினால், ட்ரெட்டினாயின், கிளைகாலிக் அமிலம் போன்றவை கலந்த கிரீம்களை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு வாரம் சொல்வார்கள். அன்றைய தினம் அந்த இடத்தில் டியோடரன்ட், சென்ட், மேக்கப், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது.

மரத்துப்போகும் கிரீம் பற்றி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வலிக்குப் பயந்து லிடோகெய்ன் போன்ற மருந்து கலந்த கிரீமை வீட்டிலேயே பூசிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பேட்ச் டெஸ்டுக்கு அப்படிப் போகாதீர்கள். முதல் காரணம், வலி அங்கே ஒரு தகவல். "தாங்க முடியாமல் சுடுகிறது" என்று நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அளவைக் குறைப்பார்கள். மரத்துப்போன தோல் எதையும் சொல்லாது.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. இந்த மருந்து தோல் வழியாக ரத்தத்தில் கலக்கும். லேசர் முடி நீக்கத்துக்காகக் கால் முழுவதும் இத்தகைய கிரீமைப் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்ட 22, 25 வயதுப் பெண்கள் இருவர் வலிப்பு வந்து, கோமாவுக்குப் போய், இறந்தே போனார்கள். 2007ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைக் குறிப்பிட்டு எச்சரிக்கை வெளியிட்டது. முழு சிகிச்சையின்போது மரத்துப்போகும் கிரீம் தேவைப்பட்டால் எந்த அளவு, எவ்வளவு பரப்பு, எவ்வளவு நேரம் என்று டாக்டர் சொல்லட்டும். நீங்களாகப் பூசி மூடிக் கட்டுவது கூடவே கூடாது.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

கிளினிக்கில் ஒரு படிவம் கொடுப்பார்கள். வேகமாக 'இல்லை, இல்லை' என்று டிக் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது எளிது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், நிதானமாகப் படியுங்கள்.

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, இதயத் துடிப்புக்கான அமியோடரோன் போன்றவை ஒளிக்குத் தோலை எளிதில் எதிர்வினை காட்ட வைக்கக் கூடியவை. மூலிகை மாத்திரைதானே என்று விட்டுவிடவும் வேண்டாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகைக்கும் அந்தக் குணம் உண்டு. ஆனால் சிகிச்சைக்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மருந்து முக்கியம், முடி காத்திருக்கலாம்.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுத்தவர்களை ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது நீண்ட நாள் வழக்கம். அவ்வளவு காத்திருக்க வலுவான ஆதாரம் இல்லை என்று 2017ல் வெளியான நிபுணர் பரிந்துரைகள் சொல்கின்றன. ஆனாலும் பல கிளினிக்குகள் பழைய வழக்கத்தையே பின்பற்றுகின்றன. எதுவானாலும் எடுத்ததைச் சொல்லிவிடுங்கள், முடிவை டாக்டர் எடுக்கட்டும்.

அடிபட்ட இடத்தில் தழும்பு புடைத்து வளரும் கீலாய்டு தன்மை, வெண்புள்ளி, சொரியாசிஸ், லூபஸ், உதட்டைச் சுற்றி அடிக்கடி வரும் ஹெர்பிஸ் கொப்புளம், இவற்றில் எது இருந்தாலும் சொல்ல வேண்டும். ஹெர்பிஸ் வந்தவர்களுக்கு முகத்தில் லேசர் செய்தால் அது மறுபடி கிளம்பலாம், அதற்கு முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். கர்ப்பமாக இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப் போடுவதே வழக்கம். சின்னப் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் கறுப்பாகவே நிற்கும் தோல் உங்களுடையதா? அதைப் படிவம் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். லேசருக்குப் பிறகு கருமை படியுமா என்பதற்கு அதைவிட நல்ல முன்னறிகுறி கிடைப்பது கடினம்.

பச்சை குத்திய இடத்தின் மேலும், நிறமேற்றிய புருவம் உதட்டின் மேலும் லேசர் படவே கூடாது. மச்சங்களை மூடிவிட வேண்டும்.

டெஸ்ட் அன்று

எந்த இடத்தில் செய்கிறார்கள் என்று பாருங்கள். கால், அக்குள், முகம் மூன்றுக்கும் சிகிச்சை என்றால் மூன்றிலும் தனித்தனியாக டெஸ்ட் வேண்டும். முன்கையில் ஒரு ஷாட் வைத்துவிட்டு முகத்துக்கும் சேர்த்துச் சரி என்று சொல்வதை ஏற்காதீர்கள். ஒவ்வொரு பகுதியிலும் கண்ணில் படாத, ஆனால் அந்தப் பகுதியின் நிறத்தையும் முடியையும் ஒத்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முகத்துக்கு என்றால் தாடையின் அடிப்பக்கமோ காதுக்கு முன்னால் கிருதா இறங்கும் இடமோ பொருந்தும். காதுக்குப் பின்னால் முடியே இல்லாத தோலில் செய்வதால் பயன் குறைவு. தொடை இடுக்குக்கு என்றால் மடிப்பில் உள்ள அடர்நிறத் தோலிலேயே பார்க்க வேண்டும், பக்கத்துத் தொடையில் பார்த்துப் பயனில்லை.

கவனமான டெக்னீஷியன் ஒரே அளவோடு நிறுத்த மாட்டார். அருகருகே இரண்டு மூன்று இடங்களில், குறைந்த ஆற்றலில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்த்து, எது எந்த இடம் என்று குறித்து வைப்பார். தோலுக்குக் கேடு செய்யாமல் மயிர்க்காலைச் சுற்றி மட்டும் தடிப்பை உண்டாக்கும் அளவு எது என்று அப்போதுதான் தெரியவரும்.

சில டயோடு கருவிகளைத் தோல் மேல் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு துடிப்பும் சிறியது, ஆனால் அதே இடத்தைப் பலமுறை கடந்து போவதால் சூடு சேர்ந்துகொண்டே போகும். இந்த முறையில் சிகிச்சை என்றால் டெஸ்டையும் அப்படியே, சின்னச் சதுரத்தில் அத்தனை சுற்றும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓரிரு துடிப்போடு நிறுத்திவிட்டால் அந்தச் சேர்ந்த சூட்டைத் தோல் பார்த்திருக்காது. வெளியில் அதிகம் பேசப்படாத விஷயம் இது, ஆனால் கேட்டே ஆக வேண்டிய விஷயம்.

கண்ணுக்கு, அந்த லேசரின் அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உங்களுக்கு மட்டுமல்ல, அறையில் உள்ள எல்லோருக்கும். இமையிலோ புருவத்துக்குக் கீழே கண்குழிக்குள்ளோ லேசர் பாய்ச்சச் சம்மதிக்காதீர்கள்.

பாய்ச்சும்போது சுருக்கென்று சுண்டுவது போல ஒரு சூடு தெரியும், உடனே குறையும். முடி கருகிய வாடை வரும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. குறையாமல் எரிந்துகொண்டே இருந்தால் அப்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வது இங்கே நல்ல குணம் இல்லை.

கிளம்பும் முன் கருவியின் பெயர், அலைநீளம், ஆற்றல், துடிப்பு நேரம், வட்டத்தின் அளவு, குளிர்விப்பு முறை, தேதி, எந்த இடம் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தரத் தயங்கினால் அவர்கள் குறிப்பேட்டில் எழுதியிருப்பதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். டெஸ்ட் செய்த இடத்தையும் பகல் வெளிச்சத்தில் ஒரு படம்.

எது சரி, எது சரியில்லை

சில நிமிடங்களில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சின்னத் தடிப்பும் லேசான சிவப்பும் வரலாம். இது வெப்பம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்ததற்கு அடையாளம். சில மணி நேரத்தில் அடங்கும், சிலருக்கு ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். லேசான அரிப்பும், வெயில் பட்டது போன்ற சூடும் இதே கணக்கில் சேரும்.

மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் சுத்தமான விரலால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, புள்ளி புள்ளியாகத் தடித்திருக்கிறதா, இல்லை மொத்தச் சதுரமும் வீங்கியிருக்கிறதா? புள்ளி புள்ளியாக என்றால் பெரும்பாலும் கவலையில்லை. லேசர் முனை பட்ட வட்டமோ சதுரமோ அதே வடிவத்தில் மொத்தமாக அச்சாக விழுந்திருந்தால் மேல்தோல் அதிகம் சூடாகியிருக்கிறது என்று பொருள். அங்கேயே அவர்களிடம் காட்டுங்கள்.

பாய்ச்சியவுடன் தோல் சாம்பல் பூத்தது போலவோ வெளிறியோ போனால் அது அபாய அறிகுறி. அதே அளவில் இன்னொரு ஷாட் வைக்கவே கூடாது. கொப்புளம் பெரும்பாலும் முதல் ஓரிரு நாட்களுக்குள் தெரிந்துவிடும். பொருக்கு கட்டுவதற்கு இன்னும் சில நாள் ஆகலாம். கருமை படிவது எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். உள்ளே ஏற்பட்ட அழற்சி ஆறும்போதுதான் தோல் கூடுதல் மெலனினை உற்பத்தி செய்கிறது. அதனால் முதல் இரண்டு நாள் எந்தக் குறையும் இல்லாத இடம் பத்தாவது நாளில் பழுப்பாகத் தெரியத் தொடங்கலாம்.

எனவே எத்தனை நாள் காத்திருப்பது? 24 முதல் 48 மணி நேரம் என்று பல கிளினிக்குகள் சொல்கின்றன. வெளிர் தோலுக்கு அது பொருந்தும். மாநிறமும் அதற்கு மேலும் உள்ளவர்கள் இரண்டு வாரம் விட்டுப் போவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. சிகிச்சையே பல மாதம் ஓடப்போகிறது. உடல் முடிக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று போகும் கணக்கில் தொடக்கத்தில் இரண்டு வாரம் ஒன்றுமே இல்லை. அப்படிக் காத்திருந்தால் இன்னொரு பலனும் உண்டு. டெஸ்ட் செய்த இடத்தில் முடி வளர்வது போல வெளியே தள்ளி, ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் உதிரும். அந்தச் சின்ன இடம் மட்டும் வழவழப்பாகிவிட்டால் அளவு வேலை செய்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

காத்திருக்கும் நாட்களில்

முதல் இரண்டு நாள் வெந்நீர்க் குளியல், நீராவி, கடும் உடற்பயிற்சி, நீச்சல் குளம் வேண்டாம். சூடு தெரிந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றுங்கள், ஐஸை நேராகத் தோலில் வைக்காதீர்கள். வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் போதும். அக்குளில் டெஸ்ட் என்றால் டியோடரன்டை ஒரு நாளாவது தள்ளிப் போடுங்கள். தேய்ப்பது, ஸ்க்ரப், ப்ளீச், சிவப்பழகு கிரீம் எதுவும் கூடாது. குறிப்பாகக் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைத் தொடாதீர்கள். அவை எரிச்சலை அமுக்கிவிடும். அப்புறம் டெஸ்டில் எதைப் பார்ப்பது? வெளியே தெரியும் இடமானால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தினமும் போட வேண்டும்.

மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். கருமை மெதுவாக ஏறுவதை நினைவை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கொப்புளம் வந்துவிட்டால் உடைக்க வேண்டாம். மென்மையாகக் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாகத் தடவி, ஒட்டாத கட்டுத்துணியால் மூடி, டெஸ்ட் செய்தவர்களுக்கும் ஒரு தோல் மருத்துவருக்கும் காட்டுங்கள். பொருக்கைப் பிய்த்தால் தழும்பு விழும். கருமை படிந்துவிட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் இருந்து சில மாதங்களில் மங்கும், அதுவரை வெயில் படாமல் காப்பதுதான் முதல் சிகிச்சை. மனம் சோர்ந்துபோக வேண்டாம். இதே பாதிப்பு கன்னம் முழுக்க வராமல் ஒரு சிறு இடத்தோடு நின்றதே அந்த டெஸ்ட் செய்த உதவி.

முடிவை வைத்து என்ன செய்வது

இரண்டு வாரம் கழித்துப் படங்களோடு போய்க் காட்டுங்கள். தடிப்பு வந்து அடங்கி, நிறம் மாறாமல், முடியும் உதிர்ந்திருந்தால் அதே அளவில் தொடங்கலாம். ஒன்றுமே நடக்காததும் முடியும் உதிராததும் ஆற்றல் போதவில்லை என்பதற்கான குறி. கொஞ்சம் ஏற்றி மறுபடி டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், ஏற்றிய அளவில் நேராக முழு சிகிச்சைக்குப் போக வேண்டாம். கொப்புளமோ திட்டோ வந்திருந்தால் தோல் முழுக்க ஆறும்வரை எதுவும் செய்யக் கூடாது. பிறகு ஆற்றலைக் குறைத்து, துடிப்பு நேரத்தை நீட்டி, அல்லது என்டி யாக்குக்கு மாறி, புதிய டெஸ்ட்.

"நாங்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்திருக்கிறோம், இந்த அளவு எல்லோருக்கும் ஒத்துப்போகும்" என்று சொன்னாலும் உங்கள் தோல் காட்டிய பதிலை விட்டுக்கொடுக்காதீர்கள். முன்பணம் கட்டிவிட்டோமே என்ற தயக்கம் வரும். ஆகவே முழுப் பேக்கேஜுக்கும் பணம் கட்டுவதை டெஸ்ட் முடிவுக்குப் பிறகு வைத்துக்கொள்வது உத்தமம்.

ஒருமுறை செய்தது எப்போதைக்கும் செல்லாது. கிளினிக் மாறினால், கருவி மாறினால், புதிய பகுதியைச் சேர்த்தால், புது மருந்து தொடங்கினால், வெயிலில் கறுத்திருந்தால், ஆறு மாதம் போல இடைவெளி விழுந்தால் மறுபடி செய்ய வேண்டும். அதே பெயருள்ள கருவி இன்னொரு கிளினிக்கில் இருந்தாலும் புதிய டெஸ்ட்தான்.

டெஸ்டால் சொல்ல முடியாத சிலவும் இருக்கின்றன. சிலருக்கு, முக்கியமாக முகத்திலும் கழுத்திலும், லேசருக்குப் பிறகு முடி முன்பைவிட அதிகமாகவோ தடிப்பாகவோ முளைக்கலாம். நிறம் கூடிய தோலிலும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மாதங்கள் கழித்துத்தான் தெரியும். பிசிஓஎஸ் என்ற சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு இருந்தால் புதிய முடி வந்துகொண்டே இருக்க வாய்ப்பு உண்டு, எனவே முகத்தில் திடீரென்று முடி கூடியவர்கள் லேசருக்கு முன் காரணத்தைக் கண்டறியப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நரைத்த, வெளிர்ந்த முடியில் மெலனின் இல்லாததால் லேசர் பலிக்காது. அதற்கு, மெல்லிய ஊசி வழியாக மின்சாரம் செலுத்தி மயிர்க்காலை அழிக்கும் எலக்ட்ராலிசிஸ்தான் வழி.

வீட்டில் பயன்படுத்தும் ஐபிஎல் கருவி வாங்கியவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். அது லேசர் இல்லை, பல அலைநீளங்கள் கலந்த ஒளி. ஆனால் தோலைச் சுடும் விதம் ஒன்றுதான். பெட்டியில் உள்ள நிற அட்டவணையில் உங்கள் நிறம் அனுமதிக்கப்பட்டதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பல கருவிகள் அடர்நிறத் தோலுக்கு ஆகாது என்று அதிலேயே போட்டிருக்கும். அனுமதி இருந்தால் ஒவ்வொரு பகுதியிலும் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, அந்தக் கருவியின் கையேடு சொல்லும் நேரம் குறையாமல், முடிந்தால் அதைவிடக் கூடுதலாகக் காத்திருந்து பார்க்க வேண்டும். நிறத்தை அளக்கும் சென்சார் ஒளியைத் தடுத்தால் வேறு கோணத்தில் அழுத்திச் சுட வைக்க முயலாதீர்கள். அந்த இடத்துக்கு அந்தக் கருவி வேண்டாம் என்றே அர்த்தம்.